மூடக்கூடாத லேப்டாப்

அத்தியாயம் 3

மொட்டைக் கடுதாசி வராமல் ஒரு கல்யாணம் நிச்சயமானால் பெண் வீட்டாருக்கே கொஞ்சம் மனக்குறையாக இருக்கும் என்பது சவுரிராயனின் கட்சி.

"நம்ம பொண்ணு மேல பொறாமைப்பட ஊர்ல ஒரு நாதி கூட இல்லியான்னு ஆயிடும் இல்லக்கா?" என்பான்.

பன்னிரண்டு வருடம் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன் அவன். சவாரியைவிட, ஏறுகிறவர்களின் கதையில்தான் அவனுக்கு அக்கறை. அந்த அக்கறைக்கே சம்பளம் போட்டு அம்சவள்ளி தன்னிடம் வைத்துக்கொண்டாள். அவள் முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவள். ஒரு தடவை டைப் அடித்த மொட்டைக் கடுதாசி ஒன்றைப் பார்த்து, "இந்த 'க' குதிக்குது பாருங்க, இது கூட்டுறவு சங்கத்து மிஷின்" என்று எழுதியவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு தட்டச்சு கற்க வருகிறவர்களைவிட மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லி வருகிறவர்கள்தான் மாடிப்படி ஏறினார்கள். பலகையை மாற்றி எழுதிவிட்டாள்: அம்சா விசாரணை நிலையம்.

2013, மாசி மாதத்துப் புதன்கிழமை அது. காலை எட்டரைக்குக் கரண்ட் போன கையோடு காணையிலிருந்து தேவநாதன் வந்து சேர்ந்தார். கரும்பு விவசாயி. எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் கறை அவர் நகக்கண்ணில் இருந்தது.

"ஏழு மணிக்கே வந்திருப்பேம்மா. தண்ணி இறைக்கிற ஆயில் இன்ஜின் மக்கர் பண்ணிடுச்சு. அதுக்கு ஸ்பேர் எங்கியும் கிடைக்காது. நானே ஒரு வாஷர் வெட்டி மாட்டிட்டு ஓடியாறேன்."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். அம்சவள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தாள்.

"காணை தேவநாதன் அவர்களுக்கு. உங்களுக்கு மாப்பிள்ளையாக வரவிருக்கும் திண்டிவனம் இளவழகன், விலை உயர்ந்த ஆப்பிள் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார் என்று தரகர் சொன்னது உண்மையல்ல. அது சாதாரண லேப்டாப். அதில் ஆப்பிள் சிஸ்டத்தை அவரே ஏற்றி ஓட்டுகிறார். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ரிப்பேர் ஆனால் கேட்க நாதியில்லை. வைஃபை வராது. சத்தம் ஒரு பக்கம்தான் கேட்கும். மூடினால் மறுபடி எழுந்திருக்காது. ஒரு நல்ல குடும்பம் ஏமாறக்கூடாது என்பதால் எழுதுகிறேன். இப்படிக்கு, நலம் விரும்பி."

"இவ்ளோதானா?" என்றான் சவுரிராயன், பாதி சினிமாவில் எழுப்பிவிடப்பட்டவன் போல. "குடிப்பான்னு இல்ல. வேற பொண்ணு இருக்குன்னு இல்ல. வலிப்பு வரும்னு கூட இல்ல. இன்னாக்கா இது, பல்லு இல்லாத கடுதாசி?"

"அதான் எனக்கும் உறுத்துது" என்றாள் அம்சவள்ளி. "மாப்பிள்ளை என்ன தொழில்ணா?"

"கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் குடுக்கிறாரு. தங்கமான பையன்னு தரகர் விருத்தாசலம் சொன்னான். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். ஊர் பூரா சொல்லி, பந்தக்கால் கூட வந்தாச்சு. நேத்து தபால்ல இது வருது. மிஷின் எது வச்சிருந்தா எனக்கு இன்னாம்மா? ஆனா பொய் சொல்லிட்டு என் வீட்டு நடையில வந்து உட்கார்ந்தான்னா, நாளைக்கு என் பொண்ணுகிட்ட எதைத்தான் உண்மையா பேசுவான்?"

அந்தக் கேள்வியில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. சவுரிராயன் வேறு பக்கம் பார்த்தான். மூன்று பெண்களோடு பிறந்தவன். அப்பாக்கள் கலங்கினால் அவனுக்குத் தாங்காது.

அம்சவள்ளி தாளைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். மேல் ஓரத்தில் எறும்பு சைஸில் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை. மாலை 3:40. உறையில் விழுப்புரம் தபால் முத்திரை.

"எழுந்திருங்க அண்ணா. இந்த எழுத்துக்கு ஜாதகம் பார்க்கணும்."

ஜங்ஷன் ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சக்கரபாணி, வருகிற ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தாளைப் பார்த்துத்தான் பேசுவார். ஐந்து பேர் முன்னால் நின்றாலும் அவருக்கு அது ஐந்து எழுத்துருதான்.

"இது நம்ம கடையில இல்ல" என்றார், கடிதத்தை மூக்கருகில் கொண்டுபோய். "இந்த ஊர்ல பத்திரிகை அடிக்கிற எவன்கிட்டயும் இல்ல. சாதாரண கம்ப்யூட்டர்ல கூட வர்றதும் இல்ல. 'ழ'வோட வாலப் பாரு, எப்படி மடிஞ்சி படுத்திருக்கு. இது ஆப்பிள் சிஸ்டம் கூடவே வர்ற தமிழு."

"பிரின்ட் எங்க போட்டதுன்னு சொல்ல முடியுமா?"

"அத எந்த பிரவுசிங் சென்டர்லயும் போட்டிருக்கலாம். அடிச்சது ஆப்பிள்ல. மேல இருக்கிற நேரமும் அடிச்ச மிஷின் போட்டதுதான், பிரின்ட் போட்டவன் போட்டதில்ல."

தேவநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"புரிஞ்சிபோச்சு. சுதாகரு!"

"யாரு?"

"என் தங்கச்சி காசியம்மாளோட பையன். சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனி. ஆபீஸ்ல குடுத்த ஆப்பிள் லேப்டாப்பத்தான் வீட்டுக்கு வந்தா மடியில வச்சிக்கினு இருப்பான். துர்காவ அவனுக்குக் கேட்டாங்க. சொந்தத்துல வேணாம்னுட்டேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வந்தப்ப எல்லாரும் வந்தாங்க, அவன் மட்டும் தலைவலின்னு இதே விழுப்புரத்துல வீட்டுல படுத்துக்கினான். தலைவலி எங்க இருந்திருக்கு பாரு!"

"ஒரு நிமிஷம்" என்றான் சவுரிராயன். "கடுதாசி நெசம்னா மாப்ளை மிஷின்லயும் அதே சிஸ்டம்தானே ஓடுது? அதே 'ழ' அங்கயும் வால மடிச்சிப் படுத்திருக்குமே?"

"மாப்ள எப்படிய்யா எழுதுவாரு? மூணு மணிக்கு வந்தவரு அஞ்சு மணி வரைக்கும் என் கண்ணெதிர்ல உட்கார்ந்து கேசரி தின்னுக்கினு இருந்தாரு. போட்டோவே இருக்கு. மூணு நாப்பதுக்கு அவர் கையில ஸ்பூனுதான் இருந்துச்சு."

சவுரிராயன் விரல் விட்டு நேரத்தைக் கணக்குப் போட்டான். அதற்குள் தேவநாதன் படி இறங்கிவிட்டார். "வீட்டுக்குப் போயி சட்டைய மாத்திக்கினு நேரா தங்கச்சி வீட்டு வாசல்ல நிப்பேன். இன்னையோட உறவு முறிஞ்சது. வெள்ளிக்கிழமையும் ஒண்ணும் வேணாம். பொய் சொன்ன மாப்ளையும் வேணாம், போட்டுக் குடுத்த தங்கச்சி பையனும் வேணாம்."

அம்சவள்ளி அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணா, கூடப்பிறந்தவ வாசல்ல ஒரு தடவை கத்திட்டா அந்தச் சத்தம் திரும்ப வாய்க்குள்ள போகாது. கடுதாசி எழுதினது யாருன்னு அப்புறம் பார்ப்போம். எழுதினது நெசமான்னு நான் முதல்ல பார்த்துட்டு வர்றேன். எனக்கு எத்தனை மணி வரைக்கும் டைம் தர்றீங்க?"

தேவநாதன் வானத்தைப் பார்த்தார். "மூணு மணி. அதுக்கு மேல என் கால் நிக்காதும்மா."

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போவது ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் சென்னை பஸ் கண்டக்டர்களுக்குத் திண்டிவனம் என்ற பெயரே அலர்ஜி. "பைபாஸ்ல போவும், ஊருக்குள்ள போவாது" என்று மூன்று பஸ்காரர்கள் சொன்னார்கள். நாலாவது பஸ் மேம்பாலத்தடியில் இறக்கிவிட ஒத்துக்கொண்டது. சவுரிராயன், ஊர்க்காரர்கள் மல்லாட்டை என்னும் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு ஏறினான்.

"நாம யாருன்னு சொல்லிக்கிறது?"

"வீடியோ எடுக்கச் சொல்லி வந்தவங்க. உன் பொண்ணுக்கு மாதா கோயில்ல புதுநன்மை."

"எனக்குப் பொண்ணே இல்லியேக்கா. மூணும் ஆம்பளப் புள்ளைங்க."

"இப்ப ஒண்ணு பொறந்திருக்கு. பேரு ரோஜா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, தொட்டிலாவது வாங்கியிருப்பேன்."

இளவழகனின் ஸ்டூடியோ ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போது யூரியா வாசனை, ஏறி முடித்தால் மல்லிகை வாசனை: நேற்றைய வளைகாப்பு ஒன்றின் மாலை கேமரா ஸ்டாண்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வயதிருக்கும் பையனுக்கு. தலை சீவியிருந்தான், ஆனால் ஒரு பக்கம் மட்டும்.

மேஜை மேல் அந்த லேப்டாப். சவுரிராயனின் மச்சான் வைத்திருப்பதைப் போல சாதாரணக் கறுப்பு லேப்டாப். மூலையில் கொஞ்சம் உடைந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. திரையின் இடது மேல் மூலையில் மட்டும், பொட்டு வைத்த மாதிரி, கடித்த ஆப்பிள். நடுவில் ஒரு நீலக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"உட்காருங்க சார், உட்காருங்கம்மா. புதுநன்மையா? எந்தக் கோயில்?"

சவுரிராயன், முதல் நற்கருணை வாங்கப்போகும் இல்லாத மகளின் இல்லாத வெள்ளைக் கவுனை விவரிக்க ஆரம்பித்தான். இளவழகன் நடுவில் கை உயர்த்தினான்.

"சார், முன்னாடியே சொல்லிடறேன். ஆப்பிள்ல எடிட் பண்றேன்னு கேள்விப்பட்டு வந்திருப்பீங்க. இது ஒரிஜினல் ஆப்பிள் கிடையாது. சாதா லேப்டாப்லதான் அந்த சிஸ்டத்த ஏத்தியிருக்கேன். எனக்குப் பிடிச்ச எடிட்டிங் சாஃப்ட்வேர் அதுலதான் ஓடும். கம்பெனி இதுக்கு சப்போர்ட் தராது, தப்புன்னுகூட சொல்வாங்க. ஏத்தி முடிக்க எனக்கு இருபத்திமூணு நாள் ஆச்சு. வேலை சுத்தமா இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா நாளைக்கு நீங்க வெளியில கேள்விப்பட்டு வருத்தப்படக் கூடாது இல்ல?"

சவுரிராயன் அம்சவள்ளியைப் பார்த்தான். அவள் புருவம் அரை அங்குலம் உயர்ந்து இறங்கியது. முன்பின் தெரியாதவனிடம் உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் உண்மையைக் கொட்டுகிறவன், மாமனாராக வரப்போகிறவரிடம் மட்டும் ஏன் மூடி மறைத்தான்? சவுரிராயனுக்குத் தலை சுற்றியது. பசியிலும் இருக்கலாம். அப்போதுதான் திரையின் ஓரத்தில் நேரம் கண்ணில் பட்டது.

"ஐயோ அக்கா! மணி அஞ்சு அஞ்சு! காலையில ரெண்டே ரெண்டு இட்லியோட கிளம்பினவன் நான். மத்தியானச் சாப்பாட்ட முழுங்கிட்டு சாயங்காலமே வந்துடுச்சு. மூணு மணி கெடுவும் போச்சு!"

அம்சவள்ளி சுவரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து காட்டியது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவும் அதேதான்.

"தம்பி, உங்க லேப்டாப்புக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

இளவழகன் சிரித்தான். "அதுவாம்மா? இதுக்குள்ள ரெண்டு சிஸ்டம் இருக்கு. பழைய விண்டோஸ் ஒண்ணு, ஆப்பிள் ஒண்ணு. உள்ள இருக்கிற கடிகாரம் மட்டும் ஒண்ணுதான். ஒரே அடுப்புல ரெண்டு மருமக மாதிரி. விண்டோஸ் அதுல நம்ம ஊர் நேரத்த வைக்கும். ஆப்பிள் வந்து அத லண்டன் நேரம்னு நினைச்சிக்கினு, மேல அஞ்சரை மணி நேரம் கூட்டிக் காட்டும். இன்டர்நெட் இருந்தா தானே சரியாயிடும். இதுலதான் வைஃபை வராதே. நான் சுவத்தப் பார்த்துக்குவேன்."

"ஓகோ" என்றாள் அம்சவள்ளி. சவுரிராயனுக்கு அந்த 'ஓகோ' நன்றாகத் தெரியும். சைக்கிள் சங்கிலி பல்சக்கரத்தில் பொருந்துகிற சத்தம் அது.

அவள் எழுந்தாள். "சரி தம்பி, வீட்டுல கலந்துகிட்டுச் சொல்றோம்." வீட்டுக்கு வந்த விருந்தாளி போகிற போக்கில் தண்ணீர்க் குடத்தை மூடி வைப்பது போல, லேப்டாப்பின் மேல் மடிப்பில் கை வைத்து மெல்லச் சாய்த்தாள்.

"மூடாதீங்க!"

நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது, மல்லிகை மாலை ஒரு பக்கம் விழுந்தது. சவுரிராயனின் முழங்காலைத் தாண்டி இளவழகன் பாய்ந்து, பிள்ளையின் தலையைத் தாங்குவது போல இரண்டு கையாலும் மூடியைத் தாங்கிப் பிடித்தான்.

"மூடினா என்ன ஆகும்?"

"எழுந்திருக்காதும்மா! தூங்கினா தூங்கினதுதான். நேத்து ராத்திரியிலேருந்து ஒரு கல்யாண வீடியோ ஓடிக்கினு இருக்கு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நின்னா மறுபடி முதல்லேருந்து."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்குத் தெரியும்? நான் எவனையும் தொடவே விடமாட்டேனே."

அம்சவள்ளி கைப்பையைத் திறந்து கடிதத்தை மேஜை மேல் வைத்தாள். விரலால் ஒரு வரியைக் காட்டினாள். மூடினால் மறுபடி எழுந்திருக்காது.

இளவழகன் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"நிஜமான ஆப்பிள் வச்சிருக்கிற சுதாகருக்கு இது தெரிய நியாயமில்ல தம்பி. அவன் லேப்டாப் மூடினா தூங்கும், திறந்தா முழிக்கும். அப்புறம் இந்த நேரம். மூணு நாப்பதுக்கு நீங்க காணையில கேசரி சாப்பிட்டுக்கினு இருந்தீங்க. ஒத்துக்கறேன். ஆனா இந்த மிஷினோட மூணு நாப்பதுல அஞ்சரை மணி நேரத்தக் கழிச்சா காலையில பத்து பத்து. ஞாயித்துக்கிழமை காலையில பத்து பத்துக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்" என்றான் இளவழகன் தரையைப் பார்த்து.

சவுரிராயன் தலையில் அடித்துக்கொண்டான். "ஊர்ல உலகத்துல மாப்ள மேல மொட்டைக் கடுதாசி போடுவான். மாப்ளையே போட்டுக்கிறது இதுதான்யா முதல் தடவை! பொண்ணு பிடிக்கலைன்னா வாயால சொல்றதுக்கு இன்னா?"

"பிடிக்கலையா?" இளவழகன் நிமிர்ந்தான். "சார், சனிக்கிழமைதான் தரகர் என்ன சொல்லி வச்சிருக்கார்னே எனக்குத் தெரிஞ்சுது. நேர்ல சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வாய் வரலைன்னா இருக்கட்டும்னு எழுதி பென் டிரைவ்ல வச்சிக்கினு போனேன். அங்க நாலு தடவை வாயத் திறந்தேன். நாலு தடவையும் தரகர் கேசரிய அள்ளி வாயில வச்சிட்டார். நாலாவது தடவை அந்தப் பொண்ணு சிரிச்சிடுச்சு." விழுந்த மாலையை எடுத்து மேஜை மேல் வைத்தான். "அந்த சிரிப்பப் பார்த்ததுக்கு அப்புறம்தான் கண்டிப்பா போட்டாகணும்னு தோணிச்சு. பிடிக்காத வீடா இருந்தா வேணாம்னு ஒரு போன் போட்டு முடிச்சிருப்பேன். ரயில் ஏறுறதுக்கு முன்னாடி விழுப்புரத்துலயே பிரின்ட் எடுத்துப் பெட்டியில போட்டேன்."

"பேர் போட்டிருக்கலாமே?" என்றாள் அம்சவள்ளி. இப்போது அவள் குரலில் துப்பறியும் கூர்மை இல்லை.

"பேர் போட்டா, 'பரவாயில்ல தம்பி'ன்னு முகத்துக்காகச் சொல்லிட்டு மனசுல வச்சிக்குவாங்க. மொட்டைக் கடுதாசின்னா நம்ம ஊர்ல விசாரிக்காம விடமாட்டாங்க. விசாரிச்சா இங்க வந்து பார்ப்பாங்க. நல்லது கெட்டது எல்லாத்தையும் பார்த்துட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்னு நினைச்சேன்."

"நல்லா நினைச்சீங்க. உங்க கடுதாசிக்காக ஒரு அண்ணனும் தங்கச்சியும் இன்னைக்கு மூணு மணிக்கு அடிச்சிக்கப் போறாங்க."

அவள் தேவநாதனுக்கு போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காணையில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. சார்ஜ் இல்லாமல் செத்திருக்கும்.

"கிளம்புங்க தம்பி. நேர்ல போனாத்தான் உண்டு."

"இத விட்டுட்டா? பன்னெண்டு மணிக்கு இங்கயும் கரண்ட் போயிடும். அந்த வீடியோவ இன்னைக்கு சாயங்காலம் குடுக்கணும், பொண்ணும் மாப்ளையும் வெளிநாடு போறாங்க."

"எடுத்துக்கோங்க. அதுதான் நம்ம சாட்சி."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் திறந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் பஸ்ஸில் போனதை அன்று அந்த பஸ்ஸில் வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரையில் யாரோ ஒரு பெண்ணுக்கு யாரோ ஒரு அத்தை நலங்கு வைத்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "பொண்ணு நல்லா இருக்கா. உன் சம்சாரமாப்பா?" என்றாள்.

"இல்லம்மா" என்றான் சவுரிராயன். "இவருது வெள்ளிக்கிழமை. நடந்தா."

ஒவ்வொரு வேகத்தடையிலும் இளவழகன் கண்ணை மூடிக்கொண்டான். பஸ் கிடைக்கவே ஒரு மணிக்கு மேல் ஆகியிருந்ததால், விழுப்புரத்தில் இறங்கியபோது மணி இரண்டேகால், பேட்டரி முப்பத்தொரு சதவீதம். காணைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். பழைய நண்பன் ஓட்டிய ஆட்டோ என்பதால், சவுரிராயன் "ஜல்தியா விடு, ஆனா ஆட்டாம விடு" என்று உத்தரவு போட்டான். "நீ ஓட்டினப்ப இந்த ரெண்டுல ஒண்ணாவது செஞ்சியாடா?" என்று நண்பன் கேட்டான்.

இரண்டு ஐம்பதுக்குக் கரும்புத் தோட்டத்து வரப்பில் இறங்கினார்கள். மோட்டார் கொட்டகை வாசலில் தேவநாதன் சலவைச் சட்டையோடு நின்றிருந்தார். கால் ஏற்கெனவே செருப்பில் இருந்தது. பக்கத்தில் அவர் மகள் துர்கா குடையை அவரிடம் தராமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, "அத்தை வீட்டுக்குப் போனா நானும் வருவேன்பா" என்று மல்லுக்கு நின்றாள்.

மாப்பிள்ளை வரப்பில் ஓடி வந்தான். திறந்த லேப்டாப்பை ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். பேட்டரி மூன்று. மாமனாராக வரப்போகிறவரிடம் அவன் தானாகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"மாமா, பிளக் எங்க இருக்கு?"

"கரண்ட் இல்லியே" என்றார் தேவநாதன், கோபப்பட மறந்து. குனிந்து திரையைப் பார்த்தார். நீலக் கோடு முடிய நூலிழைதான் பாக்கி. "நின்னா இன்னா ஆவும்?"

"மறுபடி முதல்லேருந்து மாமா. பதினாறு மணி நேரம்."

மிஷின் ஓட்டுகிறவனின் தவிப்பு மிஷின் ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். தேவநாதன் சலவைச் சட்டையைக் கழற்றிக் கரும்பின் மேல் போட்டார். கொட்டகைக்குள் இருந்த ஆயில் இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்து மூன்று சுற்று சுற்றினார். அது இருமியது, துப்பியது, பிறகு ஊரையே எழுப்பும் சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. அதோடு பெல்ட் போட்டுக் கட்டியிருந்த டைனமோ சுழன்று, கொட்டகை பல்பு எரிந்தது. துர்கா ஓடிப்போய்ச் சார்ஜரை வாங்கிச் சொருகினாள். பேட்டரி ஒன்றில் நின்றது. பிறகு இரண்டாயிற்று.

"இப்ப சொல்லுங்க தம்பி" என்றாள் அம்சவள்ளி.

"மாமா, அந்தக் கடுதாசி..."

"இன்னா?"

"கடுதாசி!"

"காதுல விழல! சத்தமா சொல்லு!"

"கடுதாசிய எழுதினது நான்தான் மாமா!" இளவழகன் தொண்டை கிழியக் கத்தினான். இரண்டு கொல்லை தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். "தரகர் சொன்னது பொய்! அதுல எழுதியிருக்கிறது எல்லாம் நெசம்! உங்க பொண்ணு சிரிச்சதும் பிடிச்சிப்போச்சு! பொய் மேல கல்யாணம் பண்ண மனசில்ல!"

துர்கா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வெயில் அவ்வளவாக இல்லை.

தேவநாதன் அம்சவள்ளியைப் பார்த்தார். அவள் அவர் காதருகில் வந்தாள். "மாப்பிள்ளையைப் பத்தி தரகர் பொய் சொன்னார், நீங்க சுதாகர தப்பா நினைச்சீங்க, நானும் ஒரு மணி நேரம் தப்பாத்தான் நினைச்சேன். இந்தக் கதையில உண்மைய எழுதி அனுப்பின ஒரே ஆள் இவர்தான்ணா."

 தேவநாதன் துண்டால் கையைத் துடைத்தார். லேப்டாப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்லோடேப் ஒட்டிய மூலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரிப்பேர் ஆனா கம்பெனி வராதா?"

"வராது மாமா."

"யார் பார்ப்பா?"

"நான்தான்."

தேவநாதன் ஓடுகிற இன்ஜினைத் தாடையால் காட்டினார். "இத செஞ்ச கம்பெனிய மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. உள்ள இருக்கிறதுல பாதி நான் வெட்டி மாட்டினது." திடீரென்று ஏதோ தோன்றி நிமிர்ந்தார். "ஆமா, என் கொல்லையில இன்னா ஓடுதுன்னு விருத்தாசலம் உங்க வீட்டுல சொன்னான்?"

இளவழகன் தயங்கினான். "புத்தம் புது மோட்டாரு, அஞ்சு எச்.பி.ன்னு..."

தேவநாதன் இன்ஜினையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முட்டியில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "உள்ள வா மாப்ள" என்றார் கடைசியில். காலையிலிருந்து அவர் அந்த வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். நேருக்கு நேர் இப்போதுதான் சொன்னார். "துர்கா, எல்லாருக்கும் இலை போடு. இந்தம்மா போன வாங்கி அத்தைக்குப் போட்டு சுதாகரையும் கூட்டிக்கினு வரச் சொல்லு. தலைவலிக்குக் கஷாயம் வச்சிருக்கேன்னு சொல்லு."

"இலைன்னு சொன்னது என் காதுல தெளிவா விழுந்துச்சுக்கா" என்றான் சவுரிராயன். "இவ்ளோ சத்தத்துலயும்."

இளவழகனை லேப்டாப்போடு விட்டுவிட்டு அப்பாவும் மற்றவர்களும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். துர்கா மட்டும் குடையை மடக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள். நீலக் கோடு முடிந்து, திரையில் அந்தத் தெரியாத கல்யாணப் பெண் தலை நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுங்க."

"நெசமாவே மூடினா எழுந்திருக்காதா?"

"எழுந்திருக்காது" என்றான் இளவழகன். "சரி பண்ணப் பார்க்கிறேன். எப்ப ஆகும்னு சொல்ல முடியாதுங்க."

துர்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கொட்டகை மூலையிலிருந்த பலகையை இழுத்து, சாக்கை நாலாக மடித்து அதன் மேல் விரித்து, திறந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் ஆடாமல் தூக்கி வைத்தாள்.

"அதுக்கென்ன" என்றாள். "திறந்தே வச்சிக்கலாம்."